ஒற்றுப்பிழை

“என் வீட்டுக்காரர் எந்தத் தப்பும் பண்ணலை சார்” என்றேன். ஆன்லைன் கள்ளச்சந்தை நடத்திப் போலி மருந்து விற்றதாக அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

“அந்த விளம்பரங்கள்ல ஒரு எழுத்துப்பிழைகூட இல்லைன்னு பேப்பர்ல போட்டிருக்கு. இவருக்கு ‘முயற்சி’யே எழுத வராது, நடுவுல ஒரு ‘ச்’ போட்டாத்தான் தூக்கமே வரும். பிழை திருத்துறதுதான் என் தொழில். எனக்குத் தெரியாதா?”

இன்ஸ்பெக்டர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். ‘சிநேகிதனோட மருந்துக்கடை விளம்பரம்மா, பிழை பார்த்துக் கொடு’ என்று என் வீட்டுக்காரர் எனக்கு அனுப்பியவையெல்லாம் அங்கே இருந்தன. ஒவ்வொரு ஃபைலிலும், கடைசியாகத் திருத்தியவர் என்று என் பெயர்.

“நீங்க சொன்னதையேதான் அவரும் எழுதிக் கொடுத்திருக்காரு.”

தாளை வாங்கினேன். அவர் கையெழுத்துதான்.

‘எங்கள் வீட்டில் பிழையில்லாமல் எழுதுவது அவள் ஒருத்திதான் ஐயா. எவ்வளவு முயற்ச்சி செய்தாலும் எனக்கு வராது.’