தர்பூசணி விதை மனம் மாறியது

ஆய்வாளர் நஸீமாவின் ஆய்வக மேசையில் ஒரு புளியங்கொட்டையும் ஒரு தர்பூசணி விதையும் இருந்தன.

"நம்மை அரைக்கப் போறாங்களாம்! நான் முளைக்க வேண்டியவன்" என்று தர்பூசணி விதை குடுவைக்குப் பின்னால் ஒளிந்தது.

"இதுவரை எல்லாரும் நம்மைத் துப்பத்தானே செய்தாங்க? இவங்கதான் உனக்குள்ளே என்ன இருக்குன்னு கேட்கிறாங்க. நான் போறேன்" என்றது புளியங்கொட்டை.

நஸீமா அதை அரைத்து, புரதத்தைப் பிரித்தெடுத்து, நோய்க்கிருமிகள் மொய்த்த கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு விட்டார்.

"ஐயோ, எரியுதே!" என்று கிருமிகள் அலறிச் சுருண்டன. சொட்டு விழுந்த இடம் பளிச்சென்று தெளிந்தது.

"டேய், நான் இங்கேதான் இருக்கேன்! ஜெயிச்சுட்டேன்!" என்று சொட்டிலிருந்து புளியங்கொட்டையின் குரல் கேட்டது.

தர்பூசணி விதை உருண்டோடி வந்தது.

"மேடம், அடுத்தது நான்! எனக்குள்ளே என்ன இருக்குன்னு எனக்கே தெரியணும்!"