பூட்டியாச்சு

புதிதாக வாங்கிய இக்னிஷன் கொயிலைப் பைக்கில் பூட்டச் சொல்லி, இரண்டையும் காலையில் கராஜில் விட்டிருந்த டிலக்சன், மாலையில் மெக்கானிக்குக்குப் போன் எடுத்தான்.

"பாஹிம், பூட்டியாச்சா?"

"ஓம் அண்ணன், பூட்டிட்டன். பைக் வாசல்ல நிக்கிது, சாவி பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில."

வாவிக்கரையில் பைக் பறந்தது. என்ன இழுவை! என்ன சத்தம்! இத்தனை வருடம் பழைய கொயிலோடு மாரடித்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"எனக்கொரு வித்தியாசமும் தெரியல்ல" என்றாள் பின்னால் இருந்த மனைவி பிரஷாந்தி.

"அது ஓடுறவனுக்குத்தான் விளங்கும்" என்றான், அவள்மீது இரக்கப்பட்டு.

மறுநாள், புதுக் கொயில் பற்றிய தன் பிரசங்கத்தில் மயங்கிய இரண்டு நண்பர்களைக் கராஜுக்கு இழுத்துப்போனான்.

"இவங்களுக்கும் அதே கொயில் பூட்டு!"

"முதல்ல உங்கட கொயிலப் பூட்டுவம்" என்று, உடைக்காத பெட்டியை எடுத்தான் பாஹிம்.

"நேற்றே பூட்டிட்டன் எண்டாயே?"

"அது நான் கராஜப் பூட்டினதச் சொன்னன், அண்ணன்!"