ஆள் இருக்கும் வீடு

"இங்கே யார் யார் இருக்கோம்? நான் இருக்கேன். மருமக சுமதி இருக்கா. பர்கத்துல்லா பாய் இருக்கார். போனுக்குள்ளே நீ இருக்கே. இத்தனை பேர் அறியச் சொல்றேன், அந்த வீடு நமக்கு வேண்டாம்."

நாகநாதன் செட்டியார் சொல்லிவிட்டு நாற்காலியில் முதுகு ஒட்டாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். எண்பதை நெருங்கியும் அவர் சாய்ந்து உட்கார்ந்து, பர்மாவில் யாங்கோன் நகரத்துப் பபேடான் பேட்டையில் யாரும் பார்த்ததில்லை.

போனில் மகள் லக்ஷ்மிப்ரியாவின் முகம் வாடியது. பிரான்ஸுக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேல். இத்தனை காலமும் வாடகை வீடுதான். வீட்டுக்காரன் சொன்னபோதெல்லாம் பெட்டி கட்டியவள். இப்போதுதான் நீஸ் நகரத்துக்கு மேலே, மத்தியதரைக் கடலைப் பார்த்த குன்றுச் சரிவில், அவள் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு வீடு வந்திருந்தது. சற்று முன்புதான் போனைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து காட்டினாள். புதுப் பாணி வீடு. ஓடு இல்லை, தூண் இல்லை. வெள்ளைச் சுவரும் கண்ணாடியுமாக மலையில் செருகி வைத்த இரண்டு பெட்டிகள். கூடத்தில் நின்றால் காலடியில் கடல்.

"இந்தக் கண்ணாடியைத் துடைக்கவே ஒரு ஆள் வேணுமே அண்ணி" என்று சுமதி சொன்னபோது செட்டியாரும் சிரிக்கத்தான் செய்தார். இப்படிப்பட்ட வீடு பாதி விலைக்கு ஏன் வருகிறது என்று அவர் கேட்டபிறகே விஷயம் வெளிப்பட்டது. வீட்டுக்காரி வயதானவள், பிள்ளை குட்டி இல்லாதவள். விற்ற பிறகும் ஆயுள் உள்ளவரை கீழ்த்தளத்தில் அவள்தான் இருப்பாள். வாங்குகிறவர் மேல்தளத்தில் இருந்துகொள்ளலாம். முழு வீடும் கைக்கு வருவது அவள் காலத்துக்குப் பிறகு. அந்த நாட்டில் அது சட்டப்படி உள்ள வழக்கமாம்.

"அப்பச்சி, சாயங்காலத்துக்குள்ளே பதில் சொல்லணும். இன்னொருத்தர் காத்துக்கிட்டு இருக்கார். நீங்க சரின்னு சொல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"காலையிலே அந்த அம்மா இருமினா உனக்கு என்ன தோணும்? முதல்ல அதைச் சொல்லு."

செட்டியார் நாற்காலியின் கையைத் தட்டினார்.

"இன்னொரு உயிர் எப்போ போகும்னு பார்த்துக்கிட்டு ஒரு வீட்டிலே சோறு தின்னவங்க நம்ம குடும்பத்திலே கிடையாது."

சுமதி விடவில்லை. ஊரின் இன்னொரு பக்கத்துத் தாகேதாவிலிருந்து அவள் பஸ் மாறி வந்ததே நாத்தனாருக்காகப் பேசத்தான். "அண்ணி வாங்கலேன்னா அந்த இன்னொருத்தர் வாங்குவார் மாமா. அவர் இருமலை எண்ணிக்கிட்டே உட்கார்ந்திருப்பார். அந்தம்மாவுக்கு அது தேவலையா?"



வாசலோரத்து ஸ்டூலில் பாய் உட்கார்ந்திருந்தார். கீழே பர்மாக் கைலியான லோஞ்சியும் துண்டும் விற்கும் கடை அவருடையது. மாடிக்கு வரும்போது, கதவு திறந்தே கிடந்தாலும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். போன மழைக்குக் கூரை ஒழுகியபோது கொத்தனாரைக் கூட்டி வந்து வேலை முடியும்வரை கூடவே நின்றார். இன்றும் காலையிலிருந்து கரண்ட் இல்லை. கடை பேட்டரியிலிருந்து அவர் மேலே இழுத்துக் கொடுத்த வயரில்தான் இந்தப் போனுக்கே உயிர் இருந்தது.

செட்டியார் அவர் பக்கம் திரும்பினார். இப்படி ஒன்றை அவரிடம் இதுவரை கேட்டதில்லை.

"பாய், மறைக்காம சொல்லணும். அப்படி வாங்கினவன் மனசுக்குள்ளே என்னதான் ஓடும்?"

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன் செட்டியாரே. காலையிலே கடைக்கு வந்ததும் தலைக்கு மேலே பலகையிலே நீங்க நடக்கிற சத்தம் கேட்கும். அது கேட்டாத்தான் எனக்கு டீ உள்ளே இறங்கும். ஒருநாள் நீங்க காய்ச்சல்ல எந்திரிக்கலை. அன்னிக்குக் கடையைத் திறக்கவே எனக்குக் கை வரலை. அவ்வளவுதான்."

"கேட்டது ஒண்ணு, சொல்றது ஒண்ணு" என்று சுமதி முணுமுணுத்தாள்.

செட்டியாருக்குக் கண் கலங்கியது. அது யாருக்கும் தெரியாமலிருக்கக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு போனைக் கையில் எடுத்தார்.

"லக்ஷ்மி, வீட்டை வாங்கு."

"அப்பச்சி?"

"வாங்கு. ஆனா ஒரு ஆணி அடிக்கிறதா இருந்தாலும் அந்த அம்மாவைக் கேட்டுட்டு அடி. பத்திரம் உன் பேர்ல இருந்துட்டுப் போகட்டும். யார் கேட்டாலும் இது அவங்க வீடுன்னே சொல்லு. கடைசி வரைக்கும் அந்த மனுஷி அங்கே தலை நிமிர்ந்து நடக்கணும்."

அப்படியே செய்கிறேன் என்று சொல்வதற்குள் லக்ஷ்மிப்ரியா அழுதுவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக அவள் கையெழுத்துப் போட ஓடினாள். பாய், கடையைப் பார்க்க வேண்டும் என்று விடைபெற எழுந்தார். செட்டியாரும் எழுந்தார், நிமிர்ந்து நின்று, இரண்டு கைகளையும் கூப்பினார். மாமா இன்னொருவருக்காக எழுந்து நின்று சுமதி பார்த்ததே இல்லை.

பர்கத்துல்லா பாய் செட்டியார் வீட்டில் வாடகைக்குக் கடை வைத்திருக்கிறார் என்று பபேடானில் ஒரு பேச்சு உண்டு; செட்டியாரின் பிள்ளைகளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. மனைவியின் வைத்தியத்துக்காகச் செட்டியார் விற்ற அந்தப் பபேடான் வீட்டை எப்போதோ கிரயம் செய்து வாங்கியவர் பாய். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவரே.