மெயின் ஜெட்

"எத்தனை மெக்கானிக்கைப் பார்த்தாச்சு தெரியுமாக்கா? எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. பழைய கார்புரேட்டர்னா நீங்கதான்னு சொன்னாங்க. அதான் இவ்வளவு தூரம் தேடி வந்தேன்" என்றார் கூலிங் கிளாஸ்காரர்.

அவர் உருட்டிக்கொண்டு வந்திருந்தது அந்தக் காலத்து ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். புது நீலப் பெயின்ட் கண்ணைப் பறித்தது. மெக்கானிக் அக்கா கையைத் துணியில் துடைத்தபடி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வட்டாரத்தில் அவளுக்கு அதுதான் பெயர்; வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன பண்ணுது?"

"நின்ன இடத்துல நல்லாத்தான் ஓடுது. பாதிக்கு மேல முறுக்கினா இருமுது. முழுசா முறுக்கினா கறுப்பாப் புகையைக் கக்கிட்டு மூச்சடைச்சு நின்னுடுது. சாயங்காலம் ஒருத்தர் வண்டியை வாங்க வர்றார். அவர் முன்னாடி இப்படி இருமிச்சுன்னா என் மானம் போயிடும்."

"விக்கப் போறீங்களா?"

"மனசே இல்லக்கா. அப்பா ஓட்டின வண்டி. வாங்கினப்ப இருந்த மாதிரியே வெச்சிருக்கேன். இந்தக் கார்புரேட்டரை இன்னிக்கு வரைக்கும் யாரும் பிரிச்சதே இல்ல. வந்த மெக்கானிக் எல்லாம் வெளிய இருக்கற ஸ்குரூவைத் திருகிப் பார்த்ததோட சரி."

அவள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். முனை முழுக்கக் கரி அப்பியிருந்தது.

"பெட்ரோலை வயிறு முட்டக் குடிக்குது. காத்து பத்தல."

ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் இருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "காத்தை மறைக்கற சோக் மாட்டிக்கிச்சா அண்ணி?"

"சோக்கா இருந்தா நின்ன இடத்துலயும் இருமுமே. முறுக்கும்போதுதானே ரகளை பண்ணுது? பெட்ரோல் பாயற மெயின் ஜெட்டுதான். இப்ப பாரு."

பிளக்கைத் துடைத்து மாட்டினாள். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்துவிட்டு, வண்டியை உதைத்துக் கிளப்பி முறுக்கினாள். புகை குறைந்தது, சத்தம் தெளிந்தது. மூடியைப் போட்டாள். மறுபடியும் இருமல்.

"அட!" என்று கண்ணாடியைக் கழற்றினார் அவர். "வந்து உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டீங்களே!"

வண்டியை அணைத்து, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டைத் திருகி எடுத்தாள். சட்டைப் பித்தானைவிடச் சின்னப் பித்தளைத் துண்டு, நடுவில் ஊசித்துளை. வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பிடித்த கை இறங்கவே இல்லை.

"என்னக்கா, உடைஞ்சிருக்கா?"

"உடையல. ஆனா இது இந்த வண்டி ஜெட்டே இல்ல. வேற வண்டியோடது, துளை பெருசு. தலையை அரத்தால ராவி உள்ள நுழைச்சிருக்காங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்பாதான் செஞ்சிருப்பார். வண்டின்னா அவருக்கு உசிரு."

"நல்ல வேலை" என்றாள் அவள். "சைலன்சர் புதுசா?"

"ஆமா, பழசு துருப்பிடிச்சுப் போச்சு."

"ஏர் ஃபில்டர் பெட்டியும் புதுசு. முன்னாடி பெட்டியே இல்லாம ஓடியிருக்கும். சத்தமும் தெருவைக் கூட்டியிருக்கும், இல்லையா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஜெட்டே சொல்லுதே சார். தாராளமாக் காத்து வந்த வரைக்கும் இந்தப் பெரிய துளை சரியா இருந்திருக்கு. நீங்க சாதுவான சைலன்சரை மாட்டி, காத்தையும் பெட்டியில அடைச்சுட்டீங்க. பெட்ரோல் மட்டும் பழையபடி கொட்டுது. மூச்சுத் திணறாம என்ன செய்யும்?"

கவுன்டரிலிருந்து சின்ன ஜெட் ஒன்றை வாங்கி மாட்டினாள். கிளப்பி முழுசாக முறுக்கினாள். ஒரு பிசிறு இல்லை. கூலிங் கிளாஸ்காரர் கைதட்டாத குறை. வண்டியை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டார்.

"இருங்க. ஸ்டாண்டுல ஓடினா போதுமா? ஆள் ஏறினாத்தான் குணம் தெரியும். ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்."

"நானே ஓட்டிப் பார்த்துக்கறேனே..."

"தாராளமா. ஆனா சாயங்காலம் திரும்ப இருமினா என்னைக் கேக்கக்கூடாது."

அவர் யோசித்தார். பிறகு சாவியை நீட்டினார்.

அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கவுன்டர் பக்கம் போனாள். "பாப்பா, சாருக்கு ஸ்ட்ராங்கா ஒரு டீ சொல்லு. நான் வர்ற வரைக்கும் நல்லாக் கவனிச்சுக்க" என்றாள். நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து வாசலை அடைத்தாற்போலப் போட்டு உட்கார்ந்தாள்.

தெருமுனை தாண்டியதும் அவள் முழுசாக முறுக்கினாள். வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது. இருமலும் இல்லை, திணறலும் இல்லை. ஹெல்மெட்டுக்குள் தன்னை மறந்து சிரித்தாள். சந்திப்பில் திரும்பி வர வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினாள்.

உள்ளே நுழைந்தவளைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் அலுத்துக்கொண்டார். "அக்கா, திருட்டுப் போன உங்க வண்டியைப் பத்தித் தகவல் கிடைச்சா நானே கூப்பிடறேன்னு சொன்னேனே?"

"வண்டி உங்க வாசல்லதான் நிக்குது சார். நான் ராவி மாட்டின ஜெட்டே காட்டிக் குடுத்துடுச்சு. வெளிய எல்லாத்தையும் மாத்திட்டவருக்கு உள்ள கை வைக்க ஆள் கிடைக்கல போல, என்கிட்டயே கொண்டு வந்துட்டார். கடையில உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கார், ஆறுறதுக்குள்ள வாங்க!"