ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீர்

மணல் ஊற்றில் திரௌபதி கொட்டாங்குச்சியால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தபோது, கயிற்றில் கோத்துக் கட்டப்பட்டவர்கள் அந்த வழியாக வந்தார்கள்.

பஞ்சம் தாங்காமல் ஒல்லாந்தரிடம், அந்த டச்சு வெள்ளைக்காரர்களிடம், தங்களையே விற்றுக்கொண்ட உழவர்கள். அவர்கள் கோட்டைக்குப் போய்க் கப்பல் ஏறிவிட்டால் திரும்பி வருவது என்பது இல்லை.

ஐந்தாவது ஆள் அவளுடைய நைனா, அவளைப் பெற்றவர்.

தோணிரேவு என்ற இந்த மீனவ ஊரில் அவள் பெயர் திரௌபதி இல்லை, குப்பம்மா. வடக்கே ஏதோ ஒரு குப்பத்து மீனவப் பெண், அப்பன் கடலோடு போய்விட்டான் என்று சொல்லித்தான், அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் தாமோதரன் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தான். உழவர் வீட்டுப் பெண் என்று தெரிந்தால் ஊர்ப் பெரியவர்கள் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். துரத்திவிட்டால் அவளுக்கும் அந்தக் கயிறுதான்.

அவன் தாய் முனியம்மா மூன்று மாதமாகச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறாள். மடவை மீன் ஆயும்போது எதற்கு மூச்சை அடக்குகிறாய் என்று நேற்றுகூடக் கேட்டாள். இப்போதும் குடத்தோடு பக்கத்தில்தான் நின்றாள்.

நைனா காவல்காரனிடம் தண்ணீர் கேட்டார். அவன் ஊற்றைக் காட்டினான்.

முனியம்மா கொடுக்கச் சொல்லித் தலையசைத்தாள். திரௌபதி கொட்டாங்குச்சியை நீட்டினாள். ‘நைனா’ என்று ஒரு சொல் வாயில் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. வராவிட்டாலும் எல்லாம் முடிந்தது.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முனியம்மாவைப் பார்த்தார்.

“வேணாம். மீன் புடிக்கிறவங்க கையால நாங்க தண்ணி குடிக்கிறதில்ல.”

காவல்காரன் சிரித்தபடி கயிற்றை இழுத்தான். வெடித்த உதட்டோடு அவர் போனார்.

முனியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிப்போட்ட பிறகும் இத்தனை திமிரா என்று ஏசித் தீர்த்தாள். திரும்பிப் பார்த்தால் திரௌபதி அழுதுகொண்டிருந்தாள். அவள் வந்த நாளிலிருந்து முதல்முறையாக முனியம்மா அவள் தோளில் கைபோட்டாள்.

“நம்ம பொண்ண இன்னா பேச்சு பேசிட்டுப் போறான் பாரு. நீ அழுவாத குப்பம்மா. வர்ற வெள்ளிக்கெழமையே தாலி கட்டிடலாம்.”

திரௌபதியால் அழுகையை நிறுத்த முடியவில்லை.

பங்குனியில் நைனா பசியில் சுருண்டு கிடந்தபோது, தாமோதரன் தன் வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த கஞ்சியை அவள்தான் ஊட்டினாள். யார் வீட்டுக் கஞ்சி என்று தெரிந்தேதான் குடித்தார். சட்டியில் ஒட்டியிருந்ததையும் வழித்துக் கொடுக்கச் சொன்னார்.