உருகக் கூடாத பெட்டி

தையல்நாயகி ஒருவழியாகத் தூங்கிவிட்டாள்.

டாக்சியை ஓட்டிக்கொண்டே ஆதிமூலம் முன்னால் தொங்கும் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தான். பின் சீட்டில் தெர்மகோல் பெட்டியைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தாள்.

நைட் ஷிஃப்ட் முடிந்து சேதராப்பட்டில் ஏறியவள். ஏறியதிலிருந்து வாய் மூடவில்லை. சூப்பர்வைசரை அவன் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டித் தீர்த்தாள். அவள் பேச்சில்லாத வண்டி அவனுக்கு என்னவோபோல இருந்தது.

பாவம், தூங்கட்டும் என்று பாட்டை நிறுத்தினான்.

பெட்டி சென்னை ஏர்போர்ட்டிலிருந்து வருகிறது. உள்ளே சுண்டுவிரல் அளவு குப்பியில் ஒரு நொதி. மனிதக் கல்லீரல் விஷத்தை முறிக்க வைத்திருக்கும் அதே சரக்கை, கிருமிக்குள் வளர்த்து எடுக்கிறார்களாம். லேப்பில் ஆராய்ச்சி செய்யும் பாரதி போனில் சொல்லியிருந்தாள். சுற்றிலும் கட்டி கட்டியாக ஐஸ். சூடு பட்டால் நொதி செத்துவிடும்.

போன முறை வேறொரு டிரைவர் கொண்டுவந்தது அப்படித்தான் வீணானது. அதோடு அவனைக் கழற்றிவிட்டார்கள். அடுத்தது தன் தலைதான் என்று ஆதிமூலத்துக்குப் பயம்.

டிக்கியை கேஸ் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருந்ததால் பெட்டி சீட்டுக்கு வந்தது. ஏசியை முழுதாக வைத்து, வெளிக்காற்று துளியும் நுழையாமல் எல்லாவற்றையும் மூடியிருந்தான்.

"ஏங்க, இத குடிச்சா ஒடம்புல வெஷமே ஏறாதா?" என்று வரும்போது கேட்டாள்.

"மனுஷனுக்கு இல்லியாம். ஆராய்ச்சிக்கு மட்டும்னு ஒட்டியிருக்கான்."

மனுஷன் சரக்கு மனுஷனுக்கே இல்லையா என்று சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் கொட்டாவி விட்டாள். தலை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, கண்ணாடியை இறக்குங்கள் என்றாள். செத்த நேரம் பொறுத்துக்கோ என்று சொல்லிவிட்டான். ராத்திரியெல்லாம் கண் விழித்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்.

அவனுக்கும் வலித்தது. ரெட்டியார்பாளையம் நெரிசலில், குறுக்கே நின்ற பைக்கை நகர்த்த இறங்கியபோது விட்டது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது. பாழாய்ப்போன வெயில் என்று நினைத்தான்.

மூலக்குளத்தில் அவர்கள் வீட்டுத் தெரு வந்தது. அவளை இறக்கிவிட்டுப் போகலாம். எழுப்ப மனசு வரவில்லை. லேப் இதோ, கூப்பிடு தூரம்தான். தெருவைத் தாண்டினான்.

லேப் வாசலில் நிறுத்தி, அவள் கையை மெல்ல விலக்கிப் பெட்டியை எடுத்தான். கை ஜில்லென்றிருந்தது. அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கினால் பின்னே எப்படி இருக்கும்.

பாரதி மூடியைத் திறந்தாள். வெள்ளைப் புகை எழுந்து மேஜை மேல் வழிந்தது. குப்பியைத் திருப்பிப் பார்த்து, நல்லா இருக்கு என்று தலையாட்டினாள். ஆதிமூலத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பிறகு பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

"ஐஸ் பாதிகூட இல்லியேண்ணா."

"உருகலைங்க மேடம். சீட்டு காஞ்சிதான் கெடக்குது, ஒரு சொட்டு ஈரம் இல்ல."

பெருமையாகவே சொன்னான்.

"இது தண்ணியாவாதுண்ணா. காத்தாதான் போவும். மூச்சு முட்டுற காத்து. கண்ணாடிய எறக்கிவச்சுதானே வந்தீங்க?"

அவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தூக்கம் கலையக் கூடாதென்று, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்திருந்தான்.