நம்பர் இல்லாத கார்

"இனிமே எந்தக் கார்க்காரனும் முகத்தை மறைச்சுக்கிட்டு ஓட முடியாது, அக்கா. எல்லாம் நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தையால," என்றார் மருந்துக்கடைக்காரர்.

பலகையக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட வாசலில் 'நில்' என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்து, பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவுவது அவள் வேலை. சின்னதிலிருந்து பெரியது வரை எல்லோருக்கும் அவள் பலகையக்காதான்.

காலையில்தான் செய்தி வந்திருந்தது. இதுவரை அந்த ஊர்ச் சட்டப்படி காருக்குப் பின்னால் நம்பர் இருந்தால் போதும். முன்னால் மாட்டுவது அவரவர் இஷ்டம். இனி முன்னாலும் மாட்டியே ஆக வேண்டும். இதற்காக மருந்துக்கடைக்காரர் இரண்டு வருஷமாக ஏறி இறங்காத படி இல்லை. செய்தியைக் கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டு, அவளைக் கையோடு மாடி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

"முன்னாடி நம்பர் மாட்டினா கார் அழகு கெட்டுடுமாம். கூட்டத்துல ஒருத்தன் எழுந்திரிச்சுச் சொல்றான். என் பொண்ணு ரோட்டுல கிடந்த அழகைச் சொல்லட்டுமான்னு கேட்டேன். உட்கார்ந்துட்டான்."

"நல்லாக் கேட்டீங்க சார்."

"கேட்டு என்ன, அவ வரப்போறாளா."

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அன்று பள்ளி விட்ட நேரம் பார்த்து மழை கொட்டியது. குடைக்குள் தலையை விட்டுக்கொண்டு போனவர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. குழந்தையை அடித்த கார் நிற்காமல் போய்விட்டது. கண்ணால் கண்ட ஒரே ஆள் பலகையக்கா. "வெள்ளைக் கார். முன்னாடி நம்பர் பிளேட்டே இல்லை. பின்னாடி மழையில தெரியலை" என்று போலீஸிடம் சொன்னாள். வெள்ளைக் காருக்கா ஊரில் பஞ்சம்? கொஞ்ச நாள் தேடினார்கள், பிறகு கைகழுவிவிட்டார்கள்.

உள்ளறைக் கதவு பாதி திறந்தது. குழந்தையின் அம்மா எட்டிப் பார்த்தாள். வந்திருப்பது யாரென்று தெரிந்ததும் படாரென்று சாத்திக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. அவளுக்கு இன்னும் ஆறலை. நீங்க பிடிச்சிருந்த கையை விட்டுட்டீங்கன்னே சொல்லிக்கிட்டிருக்கா."

"பெத்த வயிறு சார். சொல்லட்டும்."

அவள் மட்டுமா சொன்னாள்? பள்ளி வாசலில் எத்தனையோ தாய்மார்கள் காதுபடவே சொன்னார்கள். பலகையக்காவிடம் விடாமல், பிள்ளையைத் தாங்களே இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

மருந்துக்கடைக்காரரின் தம்பி தேநீர்த் தட்டோடு வந்தான். முப்பது வயதுக்குள் காதோரம் நரைத்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்காமலே கோப்பையை வைத்தான்.

"இவன் இல்லைன்னா நான் என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன் அக்கா. மனு எழுதினது, வீடு வீடாக் கையெழுத்து வாங்கினது, மேடையில பேசினது எல்லாம் இவன்தான். கல்யாணமே வேண்டாம்னுட்டான். கார்னா இவனுக்கு உசுரு. அதையும் அந்த வாரமே வித்துட்டான். பெத்த நானே சரக்கெடுக்க வண்டியில போறேன். இவன் எங்க போனாலும் நடைதான். குழந்தை மேல அவ்வளவு பாசம்."

"விடுங்கண்ணா," என்றான் தம்பி.

மருந்துக்கடைக்காரர் விடவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் அக்கா. இத்தனை நாள் வாய் வரலை. என் பொண்ணுக்கு ரோடுன்னாலே பயம். விரலைப் பிடிச்சான்னா ரத்தம் கட்டிடும், அப்படிப் பிடிப்பா. அவ எப்படி நடு ரோட்டுக்குப் போனா?"

உள்ளே போகத் திரும்பிய தம்பி அங்கேயே நின்றான். பலகையக்கா தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

"பிள்ளைங்கதானே சார்."

"இல்லை. மறைக்காம சொல்லுங்க. என் பொண்டாட்டி சொல்றது நிஜமா? நீங்கதான் கையை விட்டீங்களா?"

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் குழந்தையின் அம்மா காது கொடுத்து நிற்பது தெரிந்தது.

"ஆமா சார்," என்றாள் பலகையக்கா. "பலகையை ரெண்டு கையாலயும் தூக்கணும்னு நான்தான் விட்டுட்டேன்."

மருந்துக்கடைக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கிளம்புங்க," என்றார். "இனி இந்தப் படி ஏறாதீங்க."

கோப்பையில் பாதித் தேநீர் அப்படியே இருந்தது. படியிறங்கும்போது தம்பி பின்னால் ஓடி வந்தான்.

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

இத்தனை காலத்தில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"வேற என்னப்பா சொல்றது? போ. அண்ணன் பக்கத்துல இரு."

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். அன்று போலீஸ் கேட்டபோது, மருந்துக்கடைக்காரர் நிற்க முடியாமல் ஒரு தோளில் சாய்ந்திருந்தார். காரை எங்கோ ஒளித்துவிட்டு மழையில் ஓடி வந்திருந்த தம்பியின் தோள் அது. அதையும் பிடுங்கிவிட்டால் மனிதர் எதில் சாய்வார் என்றுதான் நம்பர் இல்லை என்று சொன்னாள்.

நம்பர் இருந்தது. அந்த மழையிலும் பளிச்சென்று தெரிந்தது. அவள் கையைப் பிடித்து நின்ற குழந்தைதான் முதலில் அதைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்து, "சித்தப்பா கார்" என்று கையை உதறிவிட்டு அதை நோக்கி ஓடியது.